குதிரைப் படங்களுக்கு நான் சொன்ன வசனம்

சத்தமே வராத கௌபாய் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம் வயதில் வேறு யாராவது இருப்பீர்களா என்று தெரியவில்லை. வி.சி.டி. பிளேயர் வந்த காலத்தில் மூன்றாவது நான்காவது படித்துக்கொண்டிருந்தவர்களைத்தான் கேட்கிறேன். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிளாஸ்டிக் உறை கழற்றாத ரிமோட்டும், பின்பக்கம் வானவில் தெரியும் தட்டுகளும் இருந்திருக்கும். நீங்கள் பார்த்த படங்களில் ஆட்கள் பேசியிருப்பார்கள், பாடியிருப்பார்கள். நாங்கள் ஒரு பொங்கலிலிருந்து யுகாதி வரை பார்த்த படங்களில் யாரும் பேசவில்லை. அவர்களுக்காக நான் பேசினேன்.

இதை எழுதுவதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். மகனைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்து, இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கிழித்துப் போட்டேன். யாருக்கும் பயன்படும் பாடம் எதுவும் இதில் இல்லை. சில இடங்களில் எனக்கே நிச்சயமில்லை. நிச்சயமில்லாததை நிச்சயமில்லை என்றே சொல்லிவிடுகிறேன்.

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில், தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஒரே நீளச் சுவரைப் பங்குபோட்டுக்கொண்ட ஆறு வீடுகளில் மூன்றாவது எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் தெற்கே அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அப்பா லேத் ஆபரேட்டர். அவருடைய நீலச் சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் கூலண்ட் எண்ணெய் வாசனை போகாது. நெடுநாள் வரை அதுதான் அப்பாவின் வாசனை என்று நினைத்திருந்தேன். நான்காவது வீட்டு மாமாவுக்கும் அதே தொழிற்சாலை. உள்ளூர்க்காரர், வீட்டில் தெலுங்கு. தொழிற்சங்கத்தின் செயற்குழுவில் இருந்தார். அவர் மனைவியை அத்தை என்பேன். முதல் வீட்டில், ஆறு வீடுகளுக்கும் சொந்தக்காரரான வீட்டுக்கார அம்மா. அவருக்குக் கன்னடம். குழாயடியில் மூன்று மொழியும் ஒரே குடத்தில் விழும். சண்டை வந்தால் மட்டும் அவரவர் மொழிக்குப் போய்விடுவார்கள்.

அந்த வரிசையில் இங்கிலீஷ் மீடியம் போன ஒரே பிள்ளை நான். கழுத்தில் எலாஸ்டிக் வைத்த டை மாட்டிக்கொண்டு நான் பஸ் ஏறும்போது அம்மா வாசலில் நின்று, யாராவது பார்க்கிறார்களா என்று பார்ப்பாள்.

பொங்கல் விடுமுறை முடிந்து முதல் ஷிப்டுக்குப் போன அப்பா, அரை மணி நேரத்தில் சாப்பாட்டு டப்பாவோடு திரும்பி வந்தார்.

"கேட்டப் பூட்டிட்டாக," என்றார்.

அம்மா அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "சாவி வச்சிருக்கவன் இன்னும் வரலையாக்கும்."

"அந்தப் பூட்டு இல்ல. லாக் அவுட்."

மூன்று பேரை வேலையை விட்டு நிறுத்தியதில் ஆரம்பித்த தகராறில் நிர்வாகம் செய்த கதவடைப்பு அது. கேட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் சங்கத்துக்காரர்கள் கூடாரம் போட்டார்கள். காலையில் ஆண்கள் வேலைக்குப் போவது போலவே குளித்து, டப்பா எடுத்துக்கொண்டு, அந்தக் கூடாரத்துக்குப் போனார்கள். அப்பா நிரந்தரமாகி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. ஊருக்கு எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் அம்மா அந்த 'நிரந்தரம்' என்ற சொல்லை எப்படியாவது நுழைத்துவிடுவாள். அது போய்விடுமா, நிற்குமா என்பதைத் தவிர அந்தப் பருவம் முழுக்க எங்கள் வீட்டில் வேறு கேள்வி இல்லை.

மாமா வக்கீலைப் பார்க்கப் பெங்களூர் போனவர், நடைபாதைக் கடையில் ஒரு வி.சி.டி. வாங்கி வந்தார். அட்டையில் சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன், பின்னங்காலில் நிற்கும் குதிரை, பின்னால் பற்றியெரியும் வீடு. வரிசை முழுக்க அவர் வீட்டில் கூடியது. போட்டால், எல்லாம் கறுப்பு வெள்ளை. ஆட்கள் வெந்நீரில் கால் வைத்தது போல விசுக் விசுக்கென்று நடந்தார்கள். வாய் அசைந்தது. ஒரு சத்தமும் இல்லை.

மாமா ஒயரைப் பிடுங்கி, ஊதி, மறுபடி மாட்டினார். டி.வி.யின் தலையில் இரண்டு தட்டு தட்டினார். அத்தை தட்டை வெளியே எடுத்து முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள்.

"பாதி வெலைக்கு வாங்கினியா?" என்று கேட்டார் வீட்டுக்கார அம்மா.

"ஆமாங்க."

"அதான். படத்த உனக்குக் குடுத்துட்டு, சத்தத்த அவனே வச்சிக்கினான்."

இரண்டாவது படமும் அப்படியே வந்த பிறகுதான், இது பேச்சு வராத காலத்துப் படம் என்று மாமா ஒப்புக்கொண்டார். அட்டைக்குள் மொத்தம் எட்டுப் படங்கள். ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு நிமிடம். அத்தை உலையில் அரிசி போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால், சோறு வடிப்பதற்குள் ஒரு படம் முடிந்துவிடும்.

அவற்றில் அப்படி என்ன இருந்தது என்று இப்போது யோசிக்கிறேன். முதலில் அந்தப் பாறைகள். ராயக்கோட்டை போகும் வழியில் ஒன்றின் மேல் ஒன்றாக யாரோ அடுக்கி வைத்தது போலப் பாறைகள் இருக்குமே, அதே பாறைகள். "இது நம்ம உத்தனப்பள்ளி தாண்டி வர்ற எடம்," என்று வீட்டுக்கார அம்மா அடித்துச் சொல்வார். அங்கே குதிரை எப்படி வந்தது என்று கேட்டால், "அப்போ இருந்துச்சு," என்பார். கதாநாயகனின் கண்ணுக்குத் தெருக்கூத்துக்காரர்கள் போடுவது போலப் பட்டையாக மை. துப்பாக்கி சுட்டால் வெள்ளைப் புகை மட்டும் குபுக்கென்று வரும். "டப்" என்று சொல்வது அத்தையின் வேலை. ஒரு குதிரை, கட்டிப்போட்ட எஜமானின் முடிச்சைப் பல்லால் அவிழ்க்கும். அந்த இடத்தில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து வாயை அசைப்போம். கெட்டவன் யார் என்று முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். அவன் பிடிபட்டதும் 'முற்றும்' என்று எழுத்து வந்துவிடும். அதற்கு மேல் அவன் பெண்டாட்டி பிள்ளை என்ன ஆனார்கள் என்று யாரும் காட்ட மாட்டார்கள். மூன்று மொழிக்காரர்களும் ஒரே நொடியில் சிரித்தது அந்தப் படங்களுக்குத்தான். தமிழ்ப் படம் போட்டால் வீட்டுக்கார அம்மா பாதியில் எழுந்து போவார். கன்னடப் படம் என்றால் அம்மா வரவே மாட்டாள்.

நடுநடுவே கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து வரும். அப்போது எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள்.

"படி பாப்பா," என்பார் மாமா. "ஓது, ஓது," என்பார் வீட்டுக்கார அம்மா. அத்தை, "சதுவு கண்ணு." மூன்றுக்கும் ஒரே அர்த்தம்தான்.

எனக்குப் படிக்கத் தெரியும். ஆனால் அந்த எழுத்துக்கள் கொடி போலச் சுருண்டு சுருண்டு இருந்தன. ஒரு மூச்சு விடுவதற்குள் போய்விடும். மாமா ரிமோட்டில் நிறுத்தினால் வரிகள் நடுங்கும். முதல் நாள் நான்கு வரிப் பலகை ஒன்று வந்தது. அதில் 'குதிரை' என்ற சொல்லையும் 'ஒருபோதும்' என்ற சொல்லையும் பிடித்தேன். மற்றதைப் பிடிப்பதற்குள் போய்விட்டது. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

"எத வேணும்னாலும் எடுத்துக்கோ, குதிரைய மட்டும் ஒருநாளும் தர மாட்டேங்கிறான்," என்றேன்.

அடுத்த காட்சியில் அவன் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். "ஆ..." என்றது வரிசை. அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு பலகை வராத இடத்திலும் கேட்க ஆரம்பித்தார்கள். "அவ மூஞ்சத் திருப்பிக்கினு ஏதோ சொல்றாளே, இன்னா சொல்றா?" என்பாள் அத்தை. நான் சொல்வேன். அவளை நன்றாகத் திட்ட வைத்தால் பெண்கள் கைதட்டினார்கள். அதனால் திட்ட வைத்தேன். அதே படத்துக்கு மறுநாள் வேறு வசனம் வரும். யாரும் கேள்வி கேட்டதில்லை.

எனக்குப் புரிந்த ஒன்று இதுதான். நான் எதைச் சொன்னாலும் படம் கெட்டுப்போகாது. நான் தப்பாகப் படித்தாலும் போலீஸ்காரன் சரியான நேரத்தில் குதிரையில் வந்துவிடுவான். எழுத்தில் என்ன இருந்தாலும் நடக்க வேண்டியது நடந்துவிடும். ஒன்பது வயதில் இதை இப்படிச் சொற்களாக நினைத்திருக்க மாட்டேன். ஆனால் இதைத்தான் நம்பினேன்.

ஒருநாள் அப்பா சாவி வாங்க வந்தவர், வாசலில் நின்று நான் 'படிப்பதை'க் கேட்டார். மறுநாள் கூடாரத்தில் எல்லோரிடமும், "எம்புள்ள இங்கிலீச கடகடன்னு வாசிக்குது," என்று சொன்னாராம். மாமா வந்து சொன்னார். அம்மா அன்று எனக்கு மட்டும் ஒரு முட்டை வேகவைத்தாள்.

மாசி மாதம், தொழிற்சாலையிலிருந்து எல்லோருக்கும் ரெஜிஸ்டர் தபால் வரப்போகிறது என்று தெரிந்தது. தலைமை அலுவலகம் வேறு மாநிலத்தில் இருந்ததால் எல்லாக் காகிதமும் இங்கிலீஷில்தான் வரும். மாமா வீடு வீடாக வந்து சொன்னார்.

"லெட்டர் வந்தா யாரும் பிரிக்காதீங்க. அப்படியே டென்ட்டுக்குக் கொண்டாங்க. ஒட்டுக்கா வக்கீல்கிட்ட குடுத்துடலாம். ஒருத்தர் பிரிச்சாலும் சங்கம் ஒடஞ்ச மாதிரி."

எங்களுக்கு ஒரு சனிக்கிழமை வந்தது. அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கினாள். அப்பா கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, உறையைக் கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கிழித்தார்.

அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. தனியாகவாவது உள்ளே போய்விடலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார் என்பது அம்மாவோடு அவர் பேசியதிலிருந்து எனக்கே தெரியும். ஆனால் கிழித்த பிறகு அதை யாரிடமும் காட்ட முடியாது. கூடாரத்தில் காட்டினால் துரோகி. தெருமுனைக் கடையில் காட்டினால் மாலைக்குள் மாமாவுக்குப் போய்விடும். வீட்டுக்குள்ளேயே இங்கிலீஷ் தெரிந்த ஆள் ஒன்று இருந்தது.

"ஏத்தா, இத வாசி."

தடித்த காகிதம், இரண்டு தாள். அப்பா மாவு டின்னின் மேல் உட்கார்ந்திருந்தார். அம்மா முறத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். நான் முதலில் இங்கிலீஷில் வேகமாக வாசித்தேன். தெரியாத சொற்களை நாக்கை உருட்டித் தாண்டினேன். படத்துக்கு அப்படித்தான் செய்வேன்.

"என்ன சொல்றாக?"

'தொழிலாளர்', 'குடும்பம்', 'வேலை', 'ஏழு நாட்கள்' ஆகியவை எனக்குத் தெரிந்தன. இரண்டாவது தாளில் 'கையெழுத்து' என்று வந்ததையும் பார்த்தேன். அவற்றுக்கு நடுவில் இருந்த சொற்கள் நீளமாக இருந்தன.

"ஏழுன்னு போட்டிருக்கே, அது என்ன?"

"இன்னும் ஏழு நாள் கழிச்சு கேட்டத் திறக்கப் போறாங்களாம்ப்பா."

"திறந்து?"

"எல்லாரும் வேலைக்கு வரணுமாம்."

"கையெழுத்து கிய்யெழுத்து ஏதும் போடணும்னு இருக்கா?"

"இல்லப்பா."

"நல்லாப் பாரு."

நல்லாப் பார்த்தேன். "நாமெல்லாம் ஒரே குடும்பம்னு போட்டிருக்குப்பா," என்றேன். அது உண்மையிலேயே அதில் இருந்தது.

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு முருகன் படத்தின் முன்னால் போய் நின்றாள். அந்த நேரம் பக்கத்து வீட்டிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "பாப்பா, வா. போட்டாச்சு." நான் ஓடினேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்ததா? அப்பாவின் முகத்துக்குப் பிடித்ததைச் சொன்னேனா? படத்துக்குப் போகும் அவசரமா? இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லத்தான் தயக்கம். கேட் உடனே திறந்துவிட்டால் மாமா நைட் ஷிப்ட் போவார், பகலில் தூங்குவார், படங்கள் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். ஏழு நாள் என்று தள்ளிப்போட்டதில் அந்த ஆசை இருந்ததா? இல்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது.

அந்த ஏழு நாட்களும் அப்பா கூடாரத்துக்குப் போகவில்லை. பிரித்த கடிதத்தை வீட்டில் வைத்துக்கொண்டு அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூசியிருக்கும். காய்ச்சல் என்று சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் மாமா வந்தார்.

"இன்னா சார், ஆளையே காணோம்?"

"ஒடம்பு சொகமில்ல."

"லெட்டர் வந்துச்சா?"

"இன்னும் வரல."

"வந்தா பிரிக்காதீங்க. சும்மா மெரட்டி எழுதிக்கீறான்."

மாமா போனதும் அப்பா கதவைச் சாத்திவிட்டு அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். "பாத்தியா, நல்ல சேதிய மறைக்கான்."

எங்கள் வீட்டில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு வாரம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அப்பா ஷூவுக்கு மூன்று நாள் பாலிஷ் போட்டார். அம்மா நீலச் சட்டைக்குப் பித்தான் தைத்தாள். ஒரு மாலை சைக்கிளில் என்னை முன்னால் உட்கார வைத்து ஏரிக்கரை வரை கூட்டிப்போனார். குளிர்காற்றில் என் காதைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டே ஒற்றைக் கையால் ஓட்டினார்.

எட்டாம் நாள் காலை டப்பாவோடு கிளம்பினார். கேட்டில் நடந்ததை அவர் எனக்கு இந்த வருடம்தான் சொன்னார். அதனால் அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேட் ஒரு வாரமாகவே பகலில் திறந்துதான் இருந்தது. பதினோரு பேர் உள்ளே மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் பெயர் பட்டியலில் இல்லை. வருகைப் பதிவு செய்யும் டைம் ஆபீஸிலிருந்து ஒருவர் வெளியே வந்து, அப்பா கையில் வைத்திருந்த அதே கடிதத்தை வாங்கி, வரி வரியாகத் தமிழில் சொன்னார். ஏழு நாட்களுக்குள் வந்து, இனி தகராறு செய்ய மாட்டேன் என்ற உறுதிமொழிக் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு வேலை உண்டு. வராதவர்கள் தாங்களாகவே வேலையை விட்டதாக எடுத்துக்கொள்ளப்படும். நேற்றோடு முடிந்தது.

எதிரே கூடாரத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது வேறு. அவர்கள் கண்ணுக்கு, அப்பா கேட் வரை போய், காகிதத்தை வாங்கிப் பார்த்து, கையெழுத்துப் போடாமல் திரும்பி வந்தார். மாமா எழுந்து வந்து கட்டிப்பிடித்தாராம். "வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாரு பாருங்கய்யா, அதான் ஆம்பள," என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, அவர் தோளில் ஒரு சிவப்புத் துண்டைப் போட்டாராம். அப்பா துண்டை எடுக்காமல் வீட்டுக்கு நடந்தார்.

அன்று சாயங்காலம் அப்பா முதல்முறையாகப் படம் பார்க்க வந்தார். தோளில் அந்தத் துண்டோடு, கதவோரம் உட்கார்ந்தார். ஜெயித்துவிட்டு வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். அவருக்காக அன்று இன்னும் சத்தமாகச் சொன்னேன். பலகை வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. திரையில் இருந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக்கொண்டிருந்தார். பலகை போய்க் குதிரை வந்த பிறகும் அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது.

அம்மாவிடம் அவர் சொன்னது ஒரே வரி. "சங்கத்துக்காரக உள்ள விடல."

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் அம்மாவுக்கு அதிலிருந்து மாமாதான் எங்கள் சோற்றில் மண் போட்டவர். மறுநாள் குழாயடியில் அத்தையைப் பார்த்து, "நல்லா இருங்க. உங்க வீட்டுக்காரர் தலைவராகட்டும்," என்றாள். அத்தைக்கு என்ன ஏதென்று புரியவில்லை. யுகாதிக்கு அத்தை கொடுத்தனுப்பிய ஒப்பட்டுப் போளியை அம்மா வாங்கவில்லை. நான் அந்த வீட்டுக்குப் போகக்கூடாது என்றாகிவிட்டது. நான் இல்லாமலும் ஓரிரு நாள் படம் போட்டார்களாம். என்ன சொல்கிறான் என்று தெரியாமல் நிறுத்திவிட்டார்களாம். அடுத்த மாதமே சீதாராம் மேட்டுப் பக்கம் வீடு மாறினோம்.

மாமாவுக்கும் அந்த வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அப்பா பெயரும் சேர்ந்த வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்தில் நடந்துகொண்டே இருந்தது. அது முடிவதற்குள் அவர் இறந்துபோனார். அம்மா எங்களைத் துக்கத்துக்குப் போகவிடவில்லை. அம்மாவும் இறந்து நான்கு வருடமாகிறது. கடைசி வரை அவர்களோடு பேசவில்லை.

அப்பா பிறகு எதிலும் நிரந்தரமாகவில்லை. ஒரு கோடவுனில் மூட்டை எண்ணினார். பாகலூர்ப் பக்கம் ரோஜாப் பண்ணையில் பூ பேக்கிங். பூவை வாடாமல் வைக்கும் குளிர் அறையில் பல வருடம் நின்றதில் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. அந்தக் கடிதத்தை நான் ஒன்பதாவது படிக்கும்போது பீரோவில், அந்தச் சிவப்புத் துண்டின் மடிப்புக்குள் பார்த்தேன். எடுத்து வாசித்தேன். கஷ்டமான இங்கிலீஷே இல்லை. இன்னும் இரண்டு வருடம் கூடப் படித்திருந்தால் வாசித்திருப்பேன். மடித்து அதே இடத்தில் வைத்துவிட்டேன். பிறகு எம்.ஏ. வரை ஆங்கிலமே படித்தேன். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று என்னைக் கேட்காதீர்கள்.

இப்போது என் மகனுக்கு ஆறு வயது. சரளமாக வாசிக்கிறான் என்று அவன் டீச்சர் பாராட்டினார். அன்றிலிருந்து உண்மையில் வாசிக்கிறானா, படத்தைப் பார்த்துச் சொல்கிறானா என்று ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துக் கேட்கிறேன். அவன் அழுகிறான். "விடேன், குழந்தைதானே," என்கிறார் என் கணவர். விடத்தான் வேண்டும். விட முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செல்போனில் எதையோ தேடப்போய் அப்படிப்பட்ட ஒரு படம் வந்தது. எங்கள் எட்டில் ஒன்றா என்று தெரியாது. குதிரை, பாறை, புகை. மகன் மடியில் வந்து உட்கார்ந்தான். பலகை வந்ததும், "அம்மா, என்ன சொல்றாரு?" என்று கேட்டான். எளிமையான வரி. படத்தை நிறுத்திவிட்டு, சரிதானா என்று மனதுக்குள் மறுபடி மறுபடி வாசித்தேன். இப்போது எங்களோடு இருக்கும் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகன் போனைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடிய பிறகு சொல்லிவிட்டேன்.

"அப்பா, அந்த லெட்டர நான் தப்பா வாசிச்சேன்."

எந்த லெட்டர் என்று அவர் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் இருமினார்.

"தெரியும்மா," என்றார். கேட்டில் நடந்ததையும், துண்டு போட்டதையும் அப்போதுதான் சொன்னார்.

"அன்னைக்கே ஏம்ப்பா என்னத் திட்டல?"

"ஒம்போது வயசுப் புள்ளைய என்னன்னு திட்ட? உங்கிட்டக் குடுத்தது எந்தப்பு. நீ என்ன செய்வ."

"மாமா மேல பழி போட்டீங்களேப்பா."

"அதுவுந் தப்புதான். உங்கம்மா கோவத்த எங்கயாச்சும் எறக்கணும்ல. எறக்குன எடத்துலயே நின்னுபோச்சு."

அவர் குரலில் வருத்தம் தெரியவில்லை, கோபமும் தெரியவில்லை. என் தலையில் கை வைத்துவிட்டு எழுந்து போனார். அன்று நன்றாகத் தூங்கினேன். இருபத்தைந்து வருடப் பாரம் இவ்வளவு லேசாகப் போய்விடுமா என்று சந்தேகம் வந்தது. அதையும் ஒதுக்கித் தள்ளினேன்.

அடுத்த வாரம் அப்பாவின் நெஞ்சு ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது. டாக்டரைப் பார்க்க இன்னும் இரண்டு நாள் இருந்தது. அப்பா உறையைப் பிரித்தார். மகன் ஓடிவந்து, "தாத்தா, நான் படிக்கிறேன்," என்று எம்பினான். அப்பா காகிதத்தை அவனுக்கு எட்டாத உயரத்துக்குத் தூக்கிக்கொண்டார்.

"ஒனக்கு எதுக்குய்யா இதெல்லாம். போய் வெளையாடு."

நான் கையை நீட்டினேன். "குடுங்கப்பா, நான் பாக்கிறேன்."

அவர் என் கையைப் பார்த்தார். காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நீ இரும்மா. கீழ மெடிக்கல்ல அந்தப் பொண்ணு இருக்கும். அது வாசிச்சுச் சொல்லும்."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அம்மாவின் ஆஸ்பத்திரிக் காகிதங்களை அவர் என் கணவரிடம்தான் கொடுத்தார். வங்கிப் படிவத்துக்கு வரிசையில் நின்ற யாரோ ஒருவர். ஆதார் திருத்தத்துக்கு இ-சேவை மையம். வழக்குக் காகிதம் வந்தால் ஜெராக்ஸ் கடைக்காரர். நான் கல்லூரியில் ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்த ஐந்து வருடமும் அப்படித்தான். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு காகிதமும் கொடுத்ததில்லை. நான்தான் அதைக் கவனிக்கவே இல்லை.

மூன்று மாடியையும் அவர் நின்று நின்று இறங்குவது கேட்டது. ஒவ்வொரு மாடியிலும் ஒரு இருமல். என் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. மகன் வந்து அந்தக் கையில் முனை உடைந்த ஒரு பென்சிலை வைத்து, சீவித் தரச் சொன்னான்.